இன்சூரன்ஸ் போட்டாச்சு, மச்சான்

இன்சூரன்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். வண்டிக்கு மட்டும் போடுகிறேன், அதுவும் ரோட்டில் நிறுத்திக் கேட்பார்கள் என்பதால். மற்றபடி யாராவது அதைப் பற்றிப் பேச வந்தால் கேட்டைக்கூடத் திறக்க மாட்டேன்.

இந்த எரிச்சல் அப்பாவிடமிருந்து வந்தது. சேத்தியாத்தோப்புப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பள்ளத்து நிலம் இருந்தது. பயிர்க் கடன் வாங்கும்போதே இன்சூரன்ஸ் பணத்தைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். ஒரு வருஷம் அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது வெள்ளாறு ஏறி வயல் முழுகி, கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. அப்பா எழுதிக் கொடுத்துவிட்டு நடையாய் நடந்தார். கடைசியில் வந்த பதில் என்ன தெரியுமா? வட்டாரம் மொத்தத்துக்கும் பார்த்தால் விளைச்சல் குறையவில்லையாம், அதனால் ஒன்றும் கிடையாதாம். மேட்டு நிலத்துக்காரனுக்கு விளைந்தால் பள்ளத்து நிலத்துக்காரனுக்கு நட்டமில்லை என்று ஒரு கணக்கு. அப்பா அன்றைக்குத் திட்டிய திட்டை எழுத முடியாது. அது அப்படியே என் காதில் தங்கிவிட்டது.

ஆனால் நான் செய்த காரியத்துக்கு அப்பாவைக் காரணம் சொல்வது யோக்கியமாகாது. பாதிக் காரணம் அவர், மீதி என் கஞ்சத்தனம்.

என் மனைவியின் தம்பிக்கு சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயிலடிக்குப் போகிற வழியில், இரண்டு மிஷினும் ஒரு பைண்டிங் மேஜையும் வைத்திருக்கிறான். பரீட்சை சமயத்தில் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் அவன் பழைய தபால் உறைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தபால் தலை சேர்க்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவன் சேர்ப்பது தலை மட்டும் இல்லை, முழு உறை. அதைக் கவர் என்றுதான் சொல்வார்கள். தலை ஒட்டி, அதன் மேல் பாதியும் காகிதத்தில் பாதியுமாக முத்திரை விழுந்திருக்க வேண்டும். தலையைப் பிய்த்துவிட்டால் போச்சு, அது வெறும் குப்பை என்பான். அதிலும் எல்லா ஊரும் வேண்டாம், பரங்கிப்பேட்டை மட்டும் வேண்டும். பரங்கிப்பேட்டைத் தபால் ஆபீஸ் முத்திரை விழுந்த கவர்களை வருஷக்கணக்காகத் தேடிச் சேர்த்து, அட்டை அட்டையாக ஒட்டி, பக்கத்தில் ஆங்கிலத்தில் விவரம் எழுதி வைத்திருந்தான். இதையெல்லாம் கண்காட்சியில் வைப்பார்கள், மார்க் போடுவார்கள், பதக்கம் கொடுப்பார்கள். தை மாசத்தில் வரும் ஒரு கண்காட்சிக்கு அவன் பெயர் கொடுத்திருந்தான். அவனிடம் எல்லாக் காலத்துக் கவரும் இருந்தது, தபால் தலை வந்த புதிதில் போன ஒரு கவரைத் தவிர. அந்த அட்டை மட்டும் காலியாக இருந்தது. விவரம் எழுதிவிட்டான், பொருள் இல்லை.

அந்தக் கவர் இணையத்தில் விற்பனைக்கு வந்தது. விற்றவர் இங்கிலாந்தில் ஒரு வயதானவர். மச்சான் அன்று போன் செய்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. பணம் வைத்திருக்கிறான். தன்னிடம் இரண்டு இரண்டாக இருந்த நல்ல கவர்களை எல்லாம் விற்றுச் சேர்த்த பணம். ஆனால் வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் கார்டு அவனிடம் இல்லை, என்னிடம்தான் இருந்தது. அவன் கணக்கில் நுழையும் பாஸ்வேர்டைச் சொல்லி, நீங்களே வாங்கிடுங்க மாமா என்றான். வீட்டில் அப்போது என் மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், அவர் சம்சாரம் எல்லோரும் இருந்தார்கள். நாலு பேர் இருந்தால் எனக்குக் கை தாராளமாகிவிடும். கவர் விலை நீ குடு மச்சான், அனுப்புற செலவெல்லாம் இந்த மாமாவோடது என்று சத்தமாகச் சொன்னேன்.

“இன்சூரன்ஸ் மட்டும் மறந்துடாதீங்க மாமா,” என்றான். “அது போட்டாதான் தனிப் பையில, கைக்குக் கை கையெழுத்து வாங்கி வரும். பழைய காயிதம். மழை வேற வருது.”

சரி சரி என்று போனை வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இன்சூரன்ஸ் வேண்டுமா என்று ஒரு சின்னக் கட்டம், அதற்கு எதிரே தொகை. குடும்பத்தோடு நல்ல ஓட்டலில் போய் ஒருவேளை சாப்பிடுகிற காசுதான், அதற்கு மேல் இல்லை. எனக்கு அடி வயிற்றிலிருந்து அப்பாவின் திட்டு ஏறியது. எவனோ ஒருத்தனுக்கு எதற்குத் தெண்டம் கட்டுவது? அப்புறம் எனக்கு நானே ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். உலகத்தில் இன்னொன்று இல்லாத பொருள். தொலைந்தால் பணம் வரும், பொருள் வருமா? வராதில்லையா? அப்புறம் என்ன இன்சூரன்ஸ்? ஆபீசில் எவனாவது இப்படி நோட் எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். ஒரு ஃபைலில் ஒரு இனிஷியல் விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புகிற ஹெட் கிளார்க் நான். கட்டத்தைத் தொடாமல், கார்டுக்குரிய என் வீட்டு விலாசத்தையே போட்டுப் பணத்தைக் கட்டிவிட்டு, மச்சானுக்குப் போன் போட்டேன்.

“முடிஞ்சுது. இன்சூரன்ஸ் போட்டாச்சு, மச்சான்.”

இரண்டாவது வாக்கியத்தை நான் ஏன் சொன்னேன் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. அவன் கேட்கக்கூட இல்லை. கேட்காமலே வாயில் வந்து விழுந்தது.

மறுநாள் விற்றவரிடமிருந்து ஒரு கடிதம். மச்சான் கணக்குக்குத்தான் வந்தது, அந்தக் கணக்கை நான் என் போனிலும் திறந்து வைத்திருந்ததால் பார்த்தேன். மிக மரியாதையான மனிதர். இவ்வளவு பழைய காகிதத்தை இன்சூரன்ஸ் இல்லாமல் அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள், தவறுதலாக விட்டுவிட்டீர்களா, இரண்டு நாள் பொறுத்து அனுப்புகிறேன், மனம் மாறினால் ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். மச்சான் இதைப் பார்த்திருப்பானோ என்று ஒரு நிமிஷம் பக்கென்றது. பிறகு சமாதானம் ஆனேன். அவன் அட்டையில் எழுதும் ஆங்கிலத்தையே என்னிடம் கொடுத்துத் திருத்தி வாங்குகிறவன், இந்த மாதிரிக் கடிதத்தை எல்லாம் எங்கே படிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவனைப் பற்றி எனக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

அந்த இரண்டு நாளும் பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். ஒரு வரி எழுதினால் போதும், காசும் பெரிய காசு இல்லை. இப்போது போட்டால்கூட முதல் நாள் சொன்ன பொய் நிஜமாகிவிடும், யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்படியும் கை வரவில்லை. வெள்ளைக்காரன் கேட்டான் என்று பயந்து போடுவதா என்று ஒரு வீம்பு. இரண்டாம் நாள் சாயங்காலம், அப்படியே அனுப்புங்கள் என்று எழுதிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் ஆட்டம் தொடங்கியது. பார்சல் எங்கே வருகிறது என்று பார்க்க ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். ஆபீசில் ஃபைலுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு அந்த நம்பரைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஊரை விட்டுக் கிளம்பியது என்று ஒரு வரி. பிறகு ஒன்பது நாள் ஒன்றுமே இல்லை. விமானத்தில் இருக்கிறதா, கப்பலில் இருக்கிறதா, கடலில் விழுந்துவிட்டதா, யாருக்குத் தெரியும். பத்தாம் நாள் சென்னை என்று வந்தது. வந்த அன்றைக்கே வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு. எங்கள் ஊர் மஞ்சக்குப்பத்தில் என் ஆபீஸ் வாசலில் முட்டியளவு தண்ணீர். கெடிலம் ஆற்றில் தண்ணீர் வரத்து ஜாஸ்தி என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஜீப் போனது. ஊரே அரிசியும் மெழுகுவத்தியும் வாங்க ஓடியபோது, நான் ஏதோ ஒரு கிடங்கின் தரையில் ஒரு பொட்டலம் ஊறிக்கொண்டு கிடப்பதை நினைத்துக்கொண்டிருந்தேன். கூரியர் ஆபீசுக்கு இரண்டு தடவை நனைந்துகொண்டே போனேன். சாதாரண பார்சல் எல்லாம் மொத்தமாகத்தான் சார் வரும், தனியாகத் தேடிச் சொல்ல முடியாது என்றார்கள். சாதாரண என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது.

என் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். என் தம்பியே நிம்மதியா இருக்கான், நீங்க ஏன் கண்ணுல வெளக்கெண்ணெ ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க என்று கேட்டாள். வாஸ்தவம்தான். வாங்கினவன் ஒரு போன் பண்ணிக் கேட்கவில்லை. இன்சூரன்ஸ் இருக்கிற தைரியத்தில் இருக்கிறான் பாவி என்று எனக்கு அவன் மேலேயே கோபம் வந்தது. நான் சொன்ன பொய்யை நம்பி ஒருத்தன் நிம்மதியாகத் தூங்குகிறான், அதற்காக அவனைத் திட்டுகிறேன். புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

நடுவில் திருவதிகைக் கோயிலில், மனைவி வழி உறவில் ஒரு குழந்தைக்குக் காது குத்து. மச்சானும் வந்திருந்தான். நான் முடிந்த மட்டும் தூண் மறைவிலேயே நின்றேன். சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் பிடித்துக்கொண்டான். சுற்றிலும் யாரும் இல்லை. குழாயைத் திறந்து எனக்காகப் பிடித்துக்கொண்டே கேட்டான்.

“மாமா, அந்த இன்சூரன்ஸ்... போட்டுட்டீங்கல்ல?”

“போட்டாச்சுன்னு சொன்னேனே மச்சான். எத்தினி வாட்டி கேப்ப?”

எத்தனை தடவையும் கேட்கவில்லை அவன், அதுதான் முதல் தடவை. என் குரலில் இருந்த சூடு எனக்கே கேட்டது. அவன் என்னைப் பார்த்தான், சரிங்க மாமா என்றான், துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த புதன்கிழமை பார்சல் வந்தது. மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்த காலை. கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. பொட்டலம் நமுத்துப்போன அப்பளம் மாதிரி வளைந்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிரித்தேன். விற்றவர் நன்றாகத்தான் கட்டியிருந்தார், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. ஓரத்தில் எங்கேயோ கிழிந்து தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. விலாசம் எழுதியிருந்த மை காபிக் கறையாகப் பரவிக் கிடந்தது. தலை கழன்று, பிளாஸ்டிக்கில் தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது. முத்திரையின் ஒரு பாதி அதனோடு போய்விட்டது, மறு பாதி கவரில் இருந்தது.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். ஐயையோ என்று வாயைப் பொத்திக்கொண்டவள், அடுத்து, “நல்ல வேளை, இன்சூரன்ஸ் போட்டீங்க,” என்றாள்.

ஆமாம் என்றேன்.

அன்றைக்கே ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். போனில் சொல்லக் கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. ஜன்னல் சீட்டு கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. ஆலப்பாக்கம் தாண்டுகிற வரை உண்மையைச் சொல்லிவிடுவதாக இருந்தேன், புதுச்சத்திரம் வருவதற்குள் மனசு மாறிவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன. கிளெய்ம் எழுதி அனுப்பியிருக்கிறேன், இரண்டு மாசத்தில் பணம் வரும் என்று சொல்லிவிட வேண்டியது. இரண்டு மாசம் கழித்து என் பி.எப். பணத்திலிருந்து எடுத்து, வந்துவிட்டது என்று கொடுத்துவிட வேண்டியது. அவனுக்கும் நட்டமில்லை, எனக்கும் மானம் போகாது. இதற்கு நான் பஸ்சிலேயே ஒத்திகை பார்த்தேன், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

கடையில் கூட்டம் இல்லை. என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தி, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, எதிர்க்கடையில் டீ சொன்னான். நான் பொட்டலத்தை பைண்டிங் மேஜையில் வைத்தேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தான். ரொம்ப நேரம் பார்த்தான். இடுக்கியால் அந்தத் தலையை மெதுவாக எடுத்து மை ஒற்றுகிற தாளில் வைத்தான். கவரை இன்னொரு தாளில் வைத்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. டீ வந்தது, இரண்டு பேரும் தொடவில்லை.

நான் ஒத்திகை பார்த்ததை ஆரம்பித்தேன். கவலப்படாத மச்சான், கிளெய்ம் போட்டாச்சு என்றேன். அவன் கேட்டுக்கொண்டான். ஃபாரம் அனுப்பியிருக்காங்களா மாமா என்று கேட்டான், அனுப்பியிருக்காங்க என்றேன். போட்டோ கேட்டாங்களா என்றான், நாலு பக்கமும் எடுத்து அனுப்பியாச்சு என்றேன். எத்தினி நாளாவும் என்றான், ரெண்டு மாசம், ஜாஸ்தி போனா ரெண்டரை என்றேன். சோற்றில் பூசணிக்காயை மூடி மூடி வைத்துக்கொண்டே போனேன்.

“மாமா, போதும்.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் குதித்திருப்பேன்.

“இன்சூரன்ஸ் போடலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பில்லு என் மெயிலுக்குத்தான வரும். அந்தப் பெரியவரு ரெண்டு நாள் டைம் குடுத்து எழுதுனாரே, அதையும் போன்ல தமிழாக்கிப் படிச்சேன். ரெண்டு நாளும் நான் தூங்கல மாமா. நீங்க அனுப்பிடுங்கன்னு எழுதுனதையும் பாத்தேன்.”

வெட்கப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்தியா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே போட்டிருப்பேனே, கவர் தப்பிச்சிருக்குமே என்று கத்தினேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெண் வாசலிலேயே திரும்பிப் போய்விட்டாள்.

அவன் நான் முடிக்கிற வரை காத்திருந்தான்.

“போட்டிருப்பீங்க. ஆனா அக்கா வூட்டுக்காரரு பொய் சொன்னாரு, இவன் கண்டுபுடிச்சிட்டான்னு ஆயிருக்கும். அதுக்கப்பறம் நான் வந்தா நீங்க ரூமுக்குள்ள போயிடுவீங்க. நான் கொஞ்ச கொஞ்சமா வர்றத வுட்ருவேன். அக்கா ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கும். காயிதம் போனாப் போவுதுன்னு வுட்டுட்டேன் மாமா. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். திருவதிகையில அதுக்குத்தான் ஆள் இல்லாத எடமாப் பாத்துக் கேட்டேன்.”

இடுக்கியை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னான். “இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பணத்த ஒங்க கையிலேந்து எடுத்துக் குடுக்கப் போறீங்கன்னு தெரியுது. எனக்கு வேணாம்.”

அரைக் காசுக்குப் போன மானம் ஆயிரம் கொடுத்தாலும் வராது என்று எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன். வருஷக்கணக்காகத் தேடிய பொருள், கண்காட்சி, தூக்கம், அத்தனையும் ஒருத்தன் என் மரியாதைக்காகத் தண்ணீரில் விட்டிருக்கிறான். நான் ஓட்டல் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்திருக்கிறேன். மன்னிச்சுடு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவனைவிட வயதில் பன்னிரண்டு வருஷம் பெரியவன் நான். அந்த வயதும் முறையும் அன்று குறுக்கே நின்றன.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. அக்கா என்று திரையில் தெரிந்தது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கெஞ்சித்தான் பார்த்தேன், அதை ஒளிக்க ஒன்றுமில்லை. அவன் ஒரு கையால் ஈரக் கவர் மேல் புதுத் தாள் ஒன்றை வைத்து அழுத்திக்கொண்டே மறு கையால் போனை எடுத்தான்.

“ஆமாக்கா, மாமா வந்துட்டாரு. ஆமா, நனஞ்சிதான் போயிருக்கு... அழுவாதக்கா. இன்சூரன்ஸ் இருக்குல்ல? மாமா அன்னிக்கே போட்டுட்டாரு. எல்லாம் எழுதி அனுப்பியாச்சு.”

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமல் அடுத்த தாளை எடுத்தான். இருபத்திரண்டு வருஷமாக அவனை எனக்குத் தெரியும். அவன் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.